நீச்சல் தெரியாத தீவுக்காரி

நார்வேக்குப் படிக்கப் போகிற பெண் முதலில் ஹட்பேக்கும் அப்புறம் சென்னைக்கும் எதற்கு அலைந்தாள் என்று எங்கள் ஊரில் கராச்சர்மா பக்கம் ஆரம்பித்து பத்துபஸ்தி வரைக்கும் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மின்னஞ்சல்.

நான் அந்தமானில், போர்ட் பிளேரில் கடல் உயிரியல் படிக்கிறேன். ஜனவரியில் தொடங்கும் ஒரு செமஸ்டரை நார்வேயில் படிக்க இடம் கிடைத்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று அங்கிருந்து எழுதியிருந்தார்கள். படகில் போய்ச் செய்யும் களப்பணி இருப்பதால், நீச்சல் தெரியும் என்று ஒரு பயிற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் படகு இல்லை, படகு இல்லையென்றால் செமஸ்டரே இல்லை. கீழே அன்பாக ஒரு வரி: 'நீங்கள் தீவில் பிறந்தவர் என்பதால் இது வெறும் சம்பிரதாயம்தான்.'

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. தீவில் இருப்பவர்கள் எல்லாரும் மீன்குஞ்சுகள் என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கடலைக் கப்பலின் மேலிருந்து பார்க்கிறவர்கள். மூன்று நாள் கப்பலில் மெயின்லேண்டுக்குப் போவோம், வாந்தி எடுப்போம், சீட்டு விளையாடுவோம், திரும்பி வருவோம். கடலுக்குள் இறங்குவது டூரிஸ்ட் செய்கிற வேலை. போதாததற்கு முதலை இருக்கிறது, இறங்காதே என்று பல கரைகளில் போர்டு வேறு நட்டு வைத்திருக்கிறார்கள்.

என் அப்பா தீவுகளுக்கு நடுவே ஓடும் ஒரு கப்பலில் சமையல்காரர். ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அவருக்கும் நீச்சல் தெரியாது. "கப்பல்ல வேல செய்யிறவனுக்கு நீச்சல் என்னாத்துக்கு? அதான் கப்பல் மெதக்குதுல்ல?" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மாவைப் பெற்றவர்கள் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். சுனாமி வந்த காலையில் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, கரையோரக் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வரவில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி இது. அதற்குப் பிறகு அம்மா போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தாள், அதோடு கடலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். இந்த ஊரில் கடலைப் பார்க்காமல் இருப்பது லேசான காரியமில்லை, எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு துண்டுக் கடல் வந்து நிற்கும். அம்மா பஸ்ஸில் எப்போதும் மலைப்பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள்.

"படிக்கத்தானே போற? தண்ணிக்குள்ள என்னா வேல?" என்றாள்.

"மா, நான் படிக்கிறதே கடலைப் பத்திதான்மா."

"அதான் புஸ்தகத்துல போட்டிருக்கான்ல கடலு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் குளிருக்கான உடுப்பு சேர்ப்பதில் போனது. போர்ட் பிளேரில் ஸ்வெட்டர் வாங்குவது பாலைவனத்தில் தூண்டில் வாங்குகிற மாதிரி. கடைசியில் பத்துபஸ்தியில் காஷ்மீரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு ராணுவக் குடும்பத்திடம் இரண்டு கிடைத்தது. போட்டுப் பார்த்ததில் கை விரலெல்லாம் மறைந்து போயிற்று. மூன்றாம் நாள் அம்மா காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டைக் கழுவிக் காயவைத்து, கயிறு கட்டி, என் பைக்குள் திணித்தாள். "இடுப்புல கட்டிக்க. அவுக்கக் கூடாது" என்றாள். அதுதான் அவள் கொடுத்த அனுமதி.

ஊரில் இருந்த நீச்சல்குளத்தைப் பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதனால்தான் ஹட்பே. என்னோடு படிக்கும் எஸ்தர் நிக்கோபாரிப் பெண், அவள் வீடு தெற்கே இன்னொரு தீவில், ஹட்பேயில் கடலை ஒட்டி இருக்கிறது. நடக்கப் பழகும் முன்பே நீந்தியவள். "வா, ஒரு வாரத்தில் மிதக்கவிட்டு அனுப்புகிறேன்" என்று ஹிந்தியில் சத்தியம் செய்திருந்தாள்.

முதல் நாள் முழுக்கக் கப்பல். கீழ்த்தளத்து பங்க்கில் படுத்துக்கொண்டு, அப்பா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனேன். பக்கத்து பங்க்கில் ஒரு பெங்காலி அம்மா, காலடியில் இரண்டு வாத்துகள் கூடையில். கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் வாத்துகள் திட்டின. வாத்துக்கே தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் நான் எம்மாத்திரம் என்று தோன்றியது. கேன்டீனில் பூரியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன், அதைப் பற்றி அதற்குமேல் எழுத வேண்டாம்.

எஸ்தர் கப்பல்துறை ஜெட்டியில் காத்து நின்றாள். என் பையில் தொங்கிய கேன்களைப் பார்த்து, "எண்ணெய் எங்கள் ஊரிலும் கிடைக்கும்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். முடியவில்லை. கேன்கள் மறுநாளே தெருப் பையன்களின் ஃபுட்பால் கோல்கம்பங்கள் ஆயின. ஃபோனில் அம்மா "கட்டிக்கிட்டியா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். நல்லவேளையாக அங்கே சிக்னல் ஜெட்டிப் பக்கம் மட்டும்தான் வரும், அதுவும் பாதிப் பேச்சில் போய்விடும்.

காலையில் எஸ்தர் என்னைப் பாறைகளுக்கு உள்பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். ஓடை வாய் இருக்கும் பக்கம் முதலை வரும், இந்தப் பக்கம் வராது என்றாள். "வராது என்று முதலைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "கடலைப் படிக்கிறவள் கடலுக்குப் பயப்படுகிறாள். நீ நார்வேக்குப் போய் என்ன செய்வாய், கரையில் நின்று திமிங்கிலத்துக்கு டாட்டா காட்டுவாயா?" என்றாள்.

இடுப்பளவு தண்ணீர் வந்ததும் எஸ்தரின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். எனக்கு அந்தக் கடல் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் அம்மாவின் பயம் மொத்தமும் வட்டியோடு எனக்கு வந்து சேர்ந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. எஸ்தர் நீச்சல் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "மல்லாந்து படு, காதைத் தண்ணீருக்குள் விடு, வானத்தைப் பார். கடல் தூக்கும்" என்றாள். முதல் நாள் கடல் தூக்கவில்லை. இரண்டாம் நாள் மூக்கு வழியாக அரைக் கடல் உள்ளே போனது. மூன்றாம் நாள் என்ன ஆயிற்று என்று தெரியாது, எஸ்தர் எப்போது கையை எடுத்தாள் என்றும் தெரியாது, நான் மிதந்துகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தேன், உடனே மூழ்கினேன்.

அவர்கள் வீட்டில் வேகவைத்து இழைத்த தாழம்பழ மாவும் சுட்ட மீனும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் குழம்பில் இருக்கும் உறைப்பு ஒரு துளி இல்லை, ஆனால் நீந்திவிட்டு வந்த பசிக்கு உறைப்பு தேவைப்படவும் இல்லை. எஸ்தரின் வீட்டில் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. "இன்னும் சாப்பிடு" என்றுகூட ஒருமுறைக்கு மேல் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே வயிற்றை நிரப்புவார்கள்.

திரும்பும் நாளில் கப்பல் வரவில்லை. ப்ரோக்ராம் மாறிவிட்டது. தீவில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்தக் கப்பல் என்றைக்கு எங்கே போகும் என்ற அறிவிப்புக்குத்தான் ப்ரோக்ராம் என்று பெயர், கல்யாணத் தேதியையே அதைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். ஜெட்டியில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது வாத்துக்கார அம்மாவை மறுபடி பார்த்தேன். எங்கே போகிறாய் என்று ஹிந்தியில் கேட்டாள். நார்வே என்றேன்.

"கல்கத்தாவைத் தாண்டியா?"

"ரொம்பத் தாண்டி."

"கப்பலா, பிளேனா?"

"பிளேன்தான்."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அதில் கப்பல் மாதிரி தீவுக்காரர்களுக்கு ஐலண்டர் ரேட் சலுகையும் கிடையாதாமே, பாவம்" என்றாள்.

அடுத்த கப்பல் வரும்வரை நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடந்தேன். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு நிற்காமல் நீந்தினேன். எஸ்தர் கைதட்டினாள், கோல்கம்பப் பையன்கள்கூடத் தட்டினார்கள். நார்வே என் பைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

விசா வேலைக்கு எப்படியும் சென்னை போக வேண்டும், சான்றிதழையும் அங்கேயே ஒரு நீச்சல்குளத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த வாரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அம்மா துணைக்கு வந்தாள். பிளேனில் கீழே கடல் தெரியும் என்று ஜன்னல் மூடியை இழுத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

சென்னையில் அம்மா செய்த முதல் காரியம் ஆட்டோக்காரரிடம் "பையா, சலோகே?" என்று ஹிந்தியில் சவாரிக்குக் கூப்பிட்டது. எங்கள் ஊரில் முகம் தெரியாதவர் என்றால் முதல் வார்த்தை ஹிந்தியில்தான் வரும். அவர் தமிழரா, தெலுங்கரா, பெங்காலியா என்பதெல்லாம் இரண்டாவது வாக்கியத்தில்தான் தெரியும். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எம்மா, மூஞ்சப் பாத்தா நம்மாளு மாரி கீற, தமிழ்ல பேசும்மா" என்றார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் மறுநாள் காய்கறிக்காரியிடம் "கித்னா?" என்று விலை கேட்டாள். அந்தம்மா கொத்தமல்லிக்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா வைத்தபோது அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். கப்பலில் வந்து இறங்கும் கறிவேப்பிலையை எங்கள் ஊரில் யாரும் சும்மா தரமாட்டார்கள்.

எங்கள் தீவில் சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டிவிடும், அந்தப் பழக்கத்தில் அம்மா இருட்டோடு எழுந்து லாட்ஜ் வராந்தாவில் நடந்தாள். "என்னா ஊரு இது, இன்னும் விடியவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இன்னும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து, அந்தக் குறையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எனக்கும் அந்தக் கூடுதல் வெளிச்சம் பிடித்திருந்தது. நார்வேயில் ஜனவரியில் பகலே கொஞ்சம்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

குளத்தில் பயிற்சி கொடுப்பவரை எல்லாரும் கோச் அக்கா என்றார்கள். கழுத்தில் விசில், யாரைப் பார்த்தாலும் கால் நகம் வெட்டியிருக்கிறதா என்று கவனிக்கும் பார்வை. "அந்தமானா? அப்ப உனக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு, நீயே நாலு பேருக்குக் கத்துக் குடுக்கலாம்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே குளத்தில் இறங்கி, இரண்டு வீச்சு வீசினேன். அடுத்த நொடி குளத்தின் நீல ஓடுகளைக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோச் அக்கா என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எங்க கத்துக்கிட்ட?"

"கடல்ல."

"அதான பார்த்தேன். உப்புத் தண்ணி உன்னத் தூக்கி வச்சிருக்கு. நீ நீந்தினேன்னு நெனச்சுக்கிட்ட."

அவ்வளவுதான், என் ஒரு வாரத்துப் பெருமை முழுவதும் உப்போடு கரைந்துவிட்டது. உலகத்தில் எல்லாரும் குளத்தில் கற்றுக்கொண்டு கடலுக்குப் போவார்கள். கடலில் கற்றுக்கொண்டு குளத்தில் மூழ்க எங்கள் ஊர்க்காரியால்தான் முடியும். கடலில் மிதந்த அதே உடம்பு இங்கே அரிசி மூட்டை போல் கனத்தது. மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குளத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

இரண்டு நாள் காலையும் மாலையும் கோச் அக்கா வெளுத்து வாங்கினார். காலை எப்படி உதைப்பது, மூச்சை எங்கே விடுவது, தண்ணீரை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆனாலும் ஹட்பே வீண் போகவில்லை. "பயம் இல்ல ஒனக்கு. அது இல்லாட்டி மத்ததெல்லாம் கத்துக்கலாம்" என்றார். எனக்குப் பயம் இல்லை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எஸ்தருக்கு உடனே மெசேஜ் அனுப்பினேன்.

அம்மா முதல் நாள் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் வாசல் வரை வந்தாள். அன்று மாலை பார்த்தால் குளத்தின் எதிர் ஓரத்தில் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நம்ப முடியவில்லை.

"பயமா இல்லையாம்மா?"

"இதுக்கு என்னா பயம்? குண்டான்ல புடிச்சு வச்ச தண்ணி மாதிரி கெடக்கு. எங்கயும் போகாது" என்றாள்.

மூன்றாம் நாள் டெஸ்ட். நீளவாக்கில் நான்கு தடவை, நிற்காமல். ஒவ்வொரு முனையிலும் சுவரைத் தொட வேண்டும், வேறு எதையும் பிடிக்கக் கூடாது. மூன்று தடவை எப்படியோ முடிந்தது. கடைசித் தடவை பாதியில் கால் மரத்துப்போனது. எனக்கு நேரெதிரே ஓரத்தில் அம்மா எழுந்து முழங்காலிட்டு, "வா, வா, இந்தா" என்று கையை நீட்டினாள். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

விசில் அடித்தது. "சுவத்தத் தொடணும்மா, அம்மாவ இல்ல. இது செல்லாது" என்றார் கோச் அக்கா.

அம்மா எழுந்து போய் அவரிடம் மன்றாடினாள். "ஒரு சாண் தானுங்க பாக்கி. பாத்துப் போட்டுக் குடுங்க. புள்ள படிப்பு போயிருமுங்க."

"அந்த ஊருல படகுலேருந்து விழுந்தா, அந்த ஒரு சாணுக்குக் கை குடுக்க நீங்களா போவீங்க?"

அம்மா நீட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கோச் அக்கா நாளைக் காலை இன்னொரு தடவை வரச் சொன்னார், அதற்குப் பிறகு அவர் ஏதோ போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறார். எங்களுக்கும் நாள் இல்லை. நாளைக்குத் தவறினால் நார்வே இல்லை.

அன்று சாயங்காலம் ஹோட்டலில் அம்மா இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர சாப்பிடவில்லை. எனக்கோ கோபம். "ஏம்மா கைய நீட்டுன? யாரு கேட்டா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தட்டைப் பார்த்தபடி, "நீட்டணும்னு நீட்டல மாலா. அதுவா போகுது" என்றாள். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. சர்வரிடம் இரண்டு காபி சொன்னேன், இருவரும் குடித்தோம்.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நீ வெளியிலேயே இரு என்று அம்மாவிடம் சொல்ல நினைத்தேன், மனசு வரவில்லை. அவள் என் துண்டையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்து, நேற்று உட்கார்ந்த அதே ஓரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை நன்றாகப் போனது. இரண்டாவதில் தண்ணீர் குடித்தேன், இருமிக்கொண்டே சுவரைத் தொட்டேன். மூன்றாவதில் கோச் அக்கா மேலே நடந்தபடி, "மூச்சு, மூச்சு" என்று கூடவே வந்தார். நான்காவதில் மறுபடியும் அதே இடத்தில் கால் மரத்தது. மழைத்துளி வேறு கண்ணில் அடித்தது. ஓரம் எவ்வளவு தூரம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் கையைத்தான் தேடினேன், பொய் சொல்வானேன்.

கையைக் காணவில்லை. அம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்திருந்தாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண்ணிலிருந்து கொட்டியது மழையா என்னவோ, துடைக்கவில்லை. பிடிக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும் காலை உதைத்தேன். இன்னொரு உதை. இன்னொன்று. விரல் நுனியில் ஓடு தட்டியது. உள்ளங்கை முழுவதையும் சுவரில் வைத்து அழுத்தினேன்.

கோச் அக்கா விசிலை ஊதினார். "பாஸு! ஏறி வாம்மா, நார்வே!" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல் கோச் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "இப்ப கைய எடுக்கலாங்களா?" என்று கேட்டாள்.